நூற்று ஐம்பத்திரண்டில் ஒரு குருவி

வடிகட்டி என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவன் மறுநாள் வேறு வேலை தேடவேண்டி வந்திருக்கும், அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தான். ரேடியோ ஸ்கேனர் செய்கிற அந்தச் சின்னக் கம்பெனியில் ரிசீவர் சர்க்யூட் வடிவமைக்க இருந்தது அவள் ஒருத்திதான். எந்த போர்டு அவள் மேசைக்கு வந்தாலும், "முன்னாடி ஃபில்டர் எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஃபில்டர் இல்லையென்றால் இரண்டாவது கேள்வி கிடையாது. போர்டு குப்பைக்கூடைக்குப் போகும், கொண்டுவந்தவன் முகம் செத்துப்போய்த் திரும்புவான்.

அவளைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். முதல் வகையில் அவள் இருந்தாள். வேறு யாரையும் அங்கே அவள் இதுவரை பார்க்கவில்லை. முதலாளி மின்விசிறி விற்றுப் பெரிய ஆளானவர். சத்தம் அதிகமாக வந்தால் நல்ல ரேடியோ என்று மனதார நம்புகிறவர். விற்பனைப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஆன்டெனாவும் குடைக்கம்பியும் ஒன்று. சாலிடர் வைக்கிற பெண்களிடம் மட்டும் கொஞ்சம் மரியாதை வைத்திருந்தாள், அதுவும் அவர்கள் கருத்துச் சொல்லாதவரை.

இவர்கள் எல்லாருக்கும் கீழே, அவளுடைய மதிப்பீட்டின் அடித்தளத்தில், மாப்பிள்ளை இருந்தார். முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்ட கையோடு கம்பெனிக்குள் வந்தவர். முதலாளி மாப்பிள்ளை என்று கூப்பிட, வாசலில் நிற்கிற காவலாளி வரைக்கும் அதுவே பெயராகிப்போனது. வந்த புதிதில் சும்மா இருந்தார். சும்மா இருந்த காலத்தில் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு கம்ப்யூட்டரில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, தானும் ஒரு ரிசீவர் செய்யப்போவதாகக் கிளம்பினார். செய்தும் முடித்தார்.

அந்த செட்டைத் திறந்து பார்த்த அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பே வரவில்லை. ஆன்டெனாவிலிருந்து வருகிற கம்பி நேரே ஒரு பெருக்கிக்குள் போயிற்று. ஃபில்டர் என்ற பேச்சே இல்லை. வாசல் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, வருகிறவர்களை எல்லாம் வரவேற்க ஒலிபெருக்கி கட்டியிருந்தார் மனுஷன்.

"ஃபில்டர் இருந்தா சிக்னல் கொஞ்சம் குறையுது மேடம்," என்றார் மாப்பிள்ளை. "அதான் எடுத்துட்டேன். இப்ப பாருங்க, எத்தன ஸ்டேஷன் வருது!"

"வருது, வருது. வரக்கூடாத எடத்துல எல்லாம் வருது."

"வர்றது நல்லதுதானே மேடம்?"

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அந்த அலுவலகத்தில் வாங்காதவர் இல்லை. கண்ணை லேசாகச் சுருக்கி, முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லாமல், எதிரே நிற்கிற ஆள் ஏதோ பழுதான பாகம் என்பதுபோல ஒரு கணம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். திட்டு வாங்கியவர்கள் டீ குடித்தால் சரியாகிவிடுவார்கள். அந்தப் பார்வை வாங்கியவர்கள் வீட்டுக்குப் போயும் சரியாக மாட்டார்கள்.

விஷயம் இதுதான். ஸ்கேனர் என்பது பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. நூற்றுக்கணக்கான சேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டே ஓடும். எங்கே யாராவது பேசுகிறார்களோ அங்கே நின்று கேட்கும். ஆனால் வானத்தில் வருகிற சிக்னலை அது நேராகக் கேட்பதில்லை. தனக்குள்ளேயே ஒரு சிக்னலை உண்டாக்கி, வருவதோடு கலந்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் எடுத்துக் கேட்கிறது. சிக்கல் அங்கேதான். இடைவெளியை மட்டும் பார்க்கிறவனுக்கு, கூப்பிட்டவர் வலப்பக்கம் நிற்கிறாரா, அதே தூரத்தில் இடப்பக்கம் நிற்கிறாரா என்பது தெரியாது. அதனால் ஓர் எண்ணில் பேசுகிறவரின் குரல், இல்லாத இன்னோர் எண்ணில் வந்து நிற்கும். தொழிலில் அதற்கு இமேஜ் என்று பெயர். அதை வாசலிலேயே தடுப்பது ஃபில்டர். அந்த ஃபில்டரைத்தான் மாப்பிள்ளை சிக்னல் குறைகிறது என்று பிடுங்கிப் போட்டிருந்தார்.

இதை முதலாளிக்குப் புரியவைக்க அவள் முயன்றாள். முதலாளி பொறுமையாகத் தலையாட்டினார். கடைசியில், "சரிம்மா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டிடுவோம். தீயணைப்புத் துறைக்காரங்க வந்து பாத்து எது வேணுமோ அத எடுத்துக்கட்டும்," என்றார்.

தீயணைப்புத் துறை தன் நிலையங்களுக்கெல்லாம் மேசை ஸ்கேனரும் கையடக்க ஸ்கேனரும் வாங்கப்போகிறது. எந்த சர்க்யூட் தேர்வாகிறதோ, இரண்டு வகைக்கும் இனி அதுதான். மாப்பிள்ளையின் செட் தேர்வானால் அன்றைக்கே போய்விடுவதாக அவள் முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவளுடைய போர்டில் பத்து வருஷ உழைப்பு இருந்தது. ஒரு வீடியோ ரசிகனின் குப்பைக்குக் கீழே அது கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அதே கூரையின் கீழ் சம்பளம் வாங்குவது அவளால் ஆகாது.

அவளுடைய செட்டில் ஒரே ஒரு குறை இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

எந்த ரிசீவருக்கும் உள்ளே ஓடுகிற சொந்தச் சிக்னல்கள் உண்டு. அவற்றில் ஏதாவது ஒன்று கசிந்து, தன் காதுக்குள் தானே வந்து விழும். யாருமே பேசாத சேனலில் செட் நின்றுகொண்டு மெல்லிசாகக் கீச்சிடும். வேலை செய்கிறவர்கள் அதைக் குருவி என்பார்கள். ஆன்டெனாவைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் கத்தினால் அது சொந்தக் குருவி. அவளுடைய செட்டில் அப்படி ஒன்று இருந்தது. உள்ளே இருக்கிற எட்டு மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் பத்தொன்பதாவது மடங்கு, சரியாக நூற்று ஐம்பத்திரண்டில் வந்து உட்கார்ந்தது. தகரம் போட்டு மூடினாள், தரைக்கம்பியை மாற்றினாள், போர்டையே ஒரு தடவை திருப்பி வரைந்தாள். குருவி பறக்கவில்லை.

கடைசியில் எல்லாரும் செய்வதை அவளும் செய்தாள். அந்தச் சேனலுக்குப் பூட்டுப் போட்டாள். ஸ்கேன் ஓடும்போது செட் அந்த ஒரு எண்ணைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். நூற்று ஐம்பத்திரண்டில் அந்த ஊரில் ஒரு காக்கா குருவிகூடப் பேசுவதில்லை என்று அப்போது பலநாள் கேட்டுப் பார்த்து உறுதி செய்திருந்தாள். இதையே மாப்பிள்ளை செய்திருந்தால் ஏமாற்று வேலை என்று போர்டைத் தூக்கி எறிந்திருப்பாள். தான் செய்ததால் அது நடைமுறை. பூட்டுப் போட்டு மாதங்கள் போனபின் அவள் அதை மறந்தும்விட்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுகிறவர். அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் ஒரு ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே நிற்கிற உயரமான மஞ்சள் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பது அவர்தான். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கூண்டு தெரியும். அவள் பார்ப்பதில்லை. அலுவலகத்தில் யாராவது கேட்டால், "கட்டுமானத்துறைல இருக்கார்," என்பாள், பிறகு பேச்சை மாற்றிவிடுவாள். பல வருஷங்களுக்கு முன் அவள் முதன்முதலாக வேலை பார்த்த இடத்தின் மொட்டை மாடிக்கு ஆன்டெனாக் கம்பத்தைத் தூக்கி வைத்தவர் அவர். கம்பம் ஒரு இடத்திலும் இடிக்காமல், நூல் பிடித்தமாதிரி வந்து இறங்கியது. அதிகம் பேசாத ஆள் என்று அன்றைக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகுதான் அவர் நிறையப் பேசுவார் என்பது தெரிந்தது. பேசியதெல்லாம் அவளுக்கு இரைச்சல்.

அன்று இரவு சாப்பிடும்போதும் பேசினார்.

"எங்க வாக்கிடாக்கிய எல்லாம் மாத்திட்டாங்க. பழைய லைன்ல டாக்ஸிக்காரனுங்க தொல்ல தாங்க முடியல."

"லைன் இல்லங்க, சேனல். டெலிபோனா அது?"

"சரி, சேனல். இப்ப புதுசா நூத்தி அம்பத்திரெண்டாம் நம்பர் குடுத்திருக்காங்க."

"நம்பர் இல்ல, மெகாஹெர்ட்ஸ். எத்தன தடவ சொல்றது உங்களுக்கு?"

"சரிம்மா, மெகாஹெர்ட்ஸ்," என்று சிரித்தார். அவருக்கு அவள் திருத்துவது பிடிக்கும். என் வீட்டம்மா செய்கிற பொட்டியில் ஊரே கேட்கும் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமை அடித்துக்கொள்கிற ஆள். "அப்ப இனிமே நான் பேசறதும் உன் பொட்டில வருமா?"

"வரும், வரும். செங்கல்ல ஏத்து, கம்பிய எறக்குங்கறதக் கேக்கத்தான் நான் இத்தன வருஷம் படிச்சேன்."

அதற்கும் சிரித்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பிழைகளைத் திருத்தியாயிற்று. எண் என்னவென்று அவள் மண்டையில் ஏறவே இல்லை. மறுநாளைக்கு வரப்போகிற தீயணைப்புக்காரர்களிடம் மாப்பிள்ளையை எப்படி நாறடிப்பது என்பதில்தான் மனசு இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். நரைத்த மீசையோடு ஒரு அதிகாரி, கூட இரண்டு வீரர்கள். மூன்றாவது மாடிக் கூட்ட அறையில், வெயில் திரையில் பட்டு எண் தெரியாமல் போய்விடக்கூடாது என்று ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டிருந்தார்கள். மேசையில் இரண்டு செட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மாப்பிள்ளை புதுச் சட்டை போட்டிருந்தார். முதலாளி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், யார் ஜெயித்தாலும் தன் கம்பெனிதானே.

மாப்பிள்ளையின் செட்டைப் போட்டதுமே அறையில் சந்தை கூடிவிட்டது. ஒரு டாக்ஸிக்காரன், பாதிப் பாட்டு, வானிலை வாசிக்கிற பெண், மறுபடி அதே டாக்ஸிக்காரன். வீரர்களில் ஒருவர் ஆச்சரியப்பட்டுத் தலையை ஆட்டினார். அவளுடைய செட் எண்களை ஓட்டிக்கொண்டு சும்மா இருந்தது. பிறகு ஒரு தடவை நின்றது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் குரல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோலச் சுத்தமாக வந்தது.

"இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்றேன் சார்," என்று அவள் எழுந்தாள். "அந்த செட்டுல வந்த டாக்ஸி, அந்த நம்பர்ல டாக்ஸியே கெடையாது. பாட்டும் அங்க கெடையாது. எல்லாம் இமேஜ். எங்கயோ பேசறது இங்க வந்து விழுது. நாளைக்கு உங்க ஸ்டேஷன்ல ராவும் பகலும் இந்தக் கூச்சல்தான் இருக்கும். நெஜமா கூப்பாடு வர்றப்ப அது இந்தக் குப்பையில முங்கிடும்."

அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டு அவளுடைய செட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே ஆர்டர் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது தெரிந்தது. மாப்பிள்ளை குனிந்து தன் செட்டின் ஒலியைக் குறைக்கப் போனார்.

அப்போதுதான் அவருடைய செட் நூற்று எழுபத்து மூன்று புள்ளி நான்கில் நின்றது.

"...ஹலோ... கீழ யாராவது... பொகை... ஹலோ..."

அதிகாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "பொகைன்னு கேட்டுச்சே?"

"உக்காருங்க சார்," என்றாள் அவள். "அந்த நம்பர் யாருக்கும் குடுக்காத நம்பர். இதுவும் இமேஜ்தான். யாரோ யாரையோ சிகரெட்ட அணைக்கச் சொல்லுவான்."

முதலாளி சிரித்தார். அதிகாரி அவளைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார், உட்கார்ந்தார். படித்தவள், தொழில் தெரிந்தவள், இத்தனை உறுதியாகச் சொல்கிறாள். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது.

"...எதிர்... பொட்டி... எல்லாம் கேக்கும்... கேக்குதா... ஹலோ... பொட்டி..."

"பாத்தீங்களா, பொட்டி விக்கிறான்," என்றாள். இந்தத் தடவை வீரர்களும் சிரித்தார்கள். அவளுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "கொரல் எப்படி ஒடையுது பாருங்க. வார்த்தைக்கு வார்த்த வெட்டுது. நல்ல ரிசீவர்ல மனுஷன் கொரல் இப்படி வராது."

"மேடம்," என்றார் மாப்பிள்ளை. "அது ஒடையல. அந்த ஆள் இருமறார்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல மேடம். ஆனா நெஜமாவே இருமறார். பக்கத்துலதான் எங்கயோ. இவ்வளவு சத்தமா வருதுன்னா..."

"சத்தம்! அப்படியே மாமனாரக் கொண்டிருக்கீங்க," என்றாள். முதலாளியின் சிரிப்பு நின்றது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. இந்த ஆளை இன்றைக்கு இந்த அறையிலேயே முடித்துவிட வேண்டும், இனி ஜென்மத்துக்கும் சாலிடர் கம்பியைத் தொடக்கூடாது என்று தோன்றியது. "தம்பி, கழித்தல் கணக்கு தெரியுமா உங்களுக்கு? வாங்க, கத்துத் தர்றேன்."

வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதினாள். நூற்று எழுபத்து மூன்று புள்ளி நான்கு. "இது உங்க செட்டு சொல்ற பொய்." கீழே, இருபத்தொன்று புள்ளி நான்கு. "இமேஜ் எப்பவும் இவ்வளவு தள்ளித்தான் விழும். இதக் கழிச்சா அந்த ஆள் நெஜமா எங்க பேசறான்னு வந்துரும். அந்த நம்பரையும் சேத்துத்தான் என் செட்டு ஓடிட்டிருக்கு. அங்க உண்மையிலேயே ஒருத்தன் இருந்தா, என் செட்டு நின்னு கேக்கும். இப்ப நிக்கல. அப்படின்னா என்ன அர்த்தம்?"

மாப்பிள்ளை பலகையைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

அவள் கோடு போட்டு விடையை எழுதினாள். ஒன்று, ஐந்து, இரண்டு.

எழுதிய கை பலகையிலேயே நின்றது. நூற்று ஐம்பத்திரண்டு. அவளுடைய செட் அங்கே நிற்காது. அங்கே கடவுளே வந்து கூப்பிட்டாலும் நிற்காது. நிற்கக்கூடாது என்று பூட்டுப் போட்டவளே அவள்தான். அதற்குப் பிறகும் அந்த எண்ணை எங்கேயோ கேட்ட ஞாபகம். சமீபத்தில்தான். யாரோ சிரித்துக்கொண்டே சொன்னது. சரிம்மா, மெகாஹெர்ட்ஸ்.

மாப்பிள்ளை கயிற்றை இழுத்து மறைப்பை ஏற்றினார். வெயில் முகத்தில் அடித்தது. எதிரே மஞ்சள் கிரேன் நின்றது. கூண்டுக்குப் பின்னாலிருந்து கரும்புகை கிளம்பிக் கண்ணாடியை மூடிக்கொண்டிருந்தது. கீழே கட்டட வேலைக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதிகாரியும் இரண்டு வீரர்களும் அதற்குள் கதவைத் தாண்டி இருந்தார்கள். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. "அவர் மேல இருக்கார்," என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர்." முதலாளி ஒன்றும் புரியாமல், "கட்டுமானத்துறைன்னு சொன்னீங்களேம்மா?" என்று கேட்டார்.

அவள் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

கூண்டுக்குப் பின்னால் இருந்த மின்சாரப் பெட்டிதான் எரிந்தது. பெரிய தீ இல்லை. ஆனால் இறங்குகிற ஏணியின் வாய் அந்தப் பக்கம்தான் இருந்தது. புகை முழுவதும் அது வழியாக வந்தது. அவர் கூண்டின் முன்கதவைத் திறந்துகொண்டு, நீண்ட கையின் கம்பிகளுக்கு நடுவே ஊர்ந்து போய், வானத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார், மறு கையில் வாக்கி. கீழே நின்று பார்த்த அவளுக்கு அந்தக் கை வாய்க்குப் போவதும் இறங்குவதும் தெரிந்தது. இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். கீழே இருக்க வேண்டிய வாக்கிகள் கொட்டகைக்குள் சார்ஜில் கிடந்தன. அவருடைய போன் வழக்கம்போலக் கீழே பெட்டியில் பூட்டியிருந்தது, கூண்டுக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை.

வீரர்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏறினார்கள். மேலே தீயணைப்பானிலிருந்து வெள்ளைப் புகை சீறியது. பிறகு இடுப்பில் கயிறு கட்டி அவரை இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் இருமினார். அந்த இருமலை அவளால் இப்போது ஆயிரம் பேர் நடுவிலும் அடையாளம் சொல்ல முடியும். வீட்டில் பக்கத்தில் படுத்துக்கொண்டு எத்தனையோ தடவை கேட்ட இருமல்தான்.

ஆம்புலன்ஸின் பின்வாசலில் உட்காரவைத்து மூக்கில் மாஸ்க் வைத்தார்கள். முகம் முழுக்கக் கரி. அவளைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு அதிகாரியிடம்தான் பேசினார், ஆனால் அவள் காதில் விழவேண்டும் என்று பேசினார்.

"எனக்கு பயமே இல்ல சார். கீழ ஒருத்தனும் எடுக்கலன்னதும் இவளத்தான் கூப்பிட்டேன். எதிர் பில்டிங், மூணாவது மாடி. இவ செய்யற பொட்டில எல்லாம் கேக்கும் சார். எப்படியும் கேட்டிருவான்னு தெரியும். அதான் பேசிக்கிட்டே இருந்தேன்." அவள் பக்கம் திரும்பினார். "கேட்டுச்சில்ல?"

அதிகாரி தரையைப் பார்த்தார். முதலாளி மூச்சு வாங்க ஓடி வந்து நின்றார். மாப்பிள்ளைதான் முன்னால் வந்தார். கையில் அவளுடைய செருப்பு இருந்தது, கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார்.

"கேட்டுச்சு சார்," என்றார். "மேடம் செட்டுலதான் வந்துச்சு. மொதல்ல அவங்கதான் கேட்டாங்க."

அந்த ஆள் இதுவரை செய்த முட்டாள்தனங்களை எல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். இதுதான் ஆகப் பெரியது. நாலு பேர் முன்னால் கழித்தல் கணக்குச் சொல்லிக் கேவலப்படுத்தியவளுக்கு இவன் மரியாதை பிச்சை போடுகிறான். ஒரு தலையாட்டல் போதும். வீட்டுக்காரர் சாகிறவரை அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். இவனுடைய இரக்கத்தைச் சாப்பிட்டுக்கொண்டு அவளால் ஒருநாளும் இருக்க முடியாது.

"கேட்டுச்சு," என்றாள். "என்னோடதுல இல்ல. இவர் செஞ்ச குப்பையில கேட்டுச்சு. நீங்க சொன்ன நம்பர நான் பூட்டி வச்சிருந்தேன். நேத்து ராத்திரி அந்த நம்பரச் சொன்னீங்க, நான் உங்களத் திருத்திக்கிட்டு இருந்தேன்."

"சரி, அதனால என்ன? எதுலயோ கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சுங்க. நீங்க இருமினீங்க. செட்டு சரியில்லன்னு சொன்னேன். பொட்டின்னு சொல்லி என்னக் கூப்பிட்டீங்க. யாரோ பொட்டி விக்கிறான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இந்த சார் எந்திரிச்சார், நான்தான் உக்கார வச்சேன்."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, இருமல் வந்து, அடங்கக் காத்திருந்தார். பிறகு மாப்பிள்ளையிடம், "உங்க பேர் என்ன தம்பி?" என்று கேட்டார். மாப்பிள்ளை சொன்னார். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. அவர் கரி படிந்த கையை நீட்டி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கையை விடாமலே அவள் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கண்ணை லேசாகச் சுருக்கி, முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லாமல், ஒரு கணம் அவளைப் பார்த்தார். அது என்ன பார்வை என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் அவள் நாலு பேருக்குக் கொடுப்பதுதான். அதை வாங்கிப் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை.

பிறகு அவர் மாஸ்க்கை மூக்கில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.